சேர்க்கை சரியில்லாத மஞ்சள்: லிடைட்டா, டிஎன்டியா?

பி.எஸ்சி. படிக்கும்போது கரிம வேதியியல் பிராக்டிகலில் நாஃப்தலீன் வந்துவிட்டால் அதை உறுதிப்படுத்த பிக்ரேட் என்ற சேர்மமாக மாற்றிக் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு பாட்டில் இருந்தது. பழுப்புக் கண்ணாடி, உள்ளே நல்ல மஞ்சளில் பொடிப்பளிங்கு, அதற்கு மேல் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அலமாரியில் இருந்த மற்றதெல்லாம் காய்ந்து கிடக்க, இது மட்டும் ஊறப்போட்ட வெந்தயம் மாதிரி தண்ணீரில் கிடந்தது. லேப் அட்டெண்டர் அண்ணன் அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரே வசனம்தான் சொல்வார்: "தம்பி, தண்ணி வத்தியிருந்தா மூடியத் தொறக்காத, என்கிட்ட குடு." ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. விரல் நுனியில் ஒட்டிய மஞ்சள் போக நாலைந்து நாள் ஆகும், சோப்புக்கெல்லாம் மசியாது.

அது பிக்ரிக் அமிலம். ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய ராணுவங்கள் எல்லாம் பீரங்கிக் குண்டுக்குள் அடைத்தது இதைத்தான். பிரிட்டன்காரர்கள் லிடைட் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் மெலினைட், ஜப்பானியர்கள் ஷிமோசே. சரக்கு ஒன்றுதான், சின்னச் சின்ன மாற்றங்களோடு ஊருக்கொரு பெயர். அப்புறம் டிஎன்டி வந்து இதை ஓரங்கட்டியது. "டிஎன்டி பலசாலி, அதனால் ஜெயித்தது" என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் கதை தலைகீழ். பலத்தில் பிக்ரிக் அமிலம்தான் ஒரு படி மேல். பின்னே எதனால் தோற்றது என்பதைத்தான் இங்கே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். 1900 வாக்கில் ஏதோ ஒரு நாட்டின் ராணுவத் தளவாடக் குழுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், எதை வாங்குவது என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (செய்முறை இதில் கிடையாது. அதற்காக வந்தவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் எல்லாவற்றையும் "வெடிமருந்து" என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் பீரங்கியில் இரண்டு வெவ்வேறு மருந்துக்கு வேலை இருக்கிறது. ஒன்று குண்டைக் குழாயிலிருந்து தள்ளி அனுப்புவது. இது வேகமாக எரிய வேண்டும், வெடித்துச் சிதறக் கூடாது, சிதறினால் பீரங்கியே போய்விடும். நீலகிரியில் குன்னூர் பக்கம் அருவங்காட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற கார்டைட் ஃபேக்டரி பெயரிலேயே வைத்திருக்கும் கார்டைட் அந்த ரகம். இன்னொன்று குண்டுக்குள்ளேயே பயணம் செய்து, போய்ச் சேர்ந்த இடத்தில் குண்டை உடைப்பது. லிடைட்டும் டிஎன்டியும் இந்த இரண்டாவது ரகம்.

இந்த இரண்டாவது வேலைக்கு 1880கள் வரை பழைய கரிமருந்துதான், அதாவது நம் ஊர்ப் பட்டாசில் இருக்கும் அதே ரகம். அது குண்டைப் பிளக்கும், அவ்வளவுதான். டைனமைட் அதற்கு முன்பே வந்துவிட்டது, ஆனால் பீரங்கி சுடும்போது குண்டு வாங்குகிற உதை இருக்கிறதே, அதில் டைனமைட்டுக்குள் இருக்கும் நைட்ரோகிளிசரின் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். ஆக, தேவைப்பட்டது முரண்டு பிடித்த ஒரு சரக்கு: பீரங்கியின் உதைக்கு அசையக் கூடாது, போய் விழுந்த இடத்தில் மட்டும் முழு மூச்சாக வெடிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், போட்டிக்கு வந்த இரண்டு பேரும் சாயப்பட்டறையிலிருந்து வந்தவர்கள்.

பிக்ரிக் அமிலம் மூத்தது. 1771ல் பீட்டர் வுல்ஃப் என்பவர் அவுரி நீலத்தை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தபோது கிடைத்தது. கசப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1841ல் பிரெஞ்சு வேதியியலாளர் டூமா இந்தப் பெயரை வைத்தார். அந்தக் காலத்தில் வேதியியலாளர்கள் எதையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவார்கள், என்ன தைரியமோ. பட்டுக்கும் கம்பளிக்கும் மஞ்சள் சாயமாக இது பல வருஷம் ஓடியது. 1871ல் ஹெர்மன் ஸ்ப்ரெங்கல் இதை வெடிக்க வைக்க முடியும் என்று காட்டினார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1885ல் பிரான்சில் யூஜின் துர்பின் இதை உருக்கியோ அழுத்தியோ குண்டுக்குள் நிரப்பலாம் என்று காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே லான் நகரத்துக்குப் பக்கத்தில் மல்மேசோன் கோட்டை மீது பிரெஞ்சு ராணுவம் தன் சொந்தக் குண்டுகளைப் போட்டுச் சோதித்தது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால்தான் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய கோட்டைகள், கல்லும் செங்கல்லும் மண்ணும். சோதனை முடிந்தபோது அந்த மாதிரிக் கோட்டைகள் எல்லாம் ஒரே மழைக்காலத்தில் பழசாகிப்போன மாதிரி ஆகிவிட்டது, கான்கிரீட் போட வேண்டிய நிலை. 1887ல் பிரான்ஸ் இதை ஏற்றது. 1888ல் பிரிட்டன் கென்ட் மாவட்டத்து லிட் என்ற சிற்றூரில் சோதனை செய்தது, அந்த ஊர்ப் பெயர்தான் லிடைட். ஜப்பான் கடற்படை 1893ல் ஷிமோசே மசச்சிகாவின் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. துர்பினின் கதி பரிதாபம்: ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றார் என்று 1891ல் சிறைக்குப் போய், 1893ல் மன்னிப்பில் வெளியே வந்தார்.

டிஎன்டி, அதாவது டிரைநைட்ரோடோலுவீன், 1863ல் ஜெர்மனியில் யூலியஸ் வில்பிராண்ட் கையில் பிறந்தது. அதுவும் மஞ்சள் சாயமாகத்தான். அதற்குள் இப்படி ஒரு குணம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவே 1891 ஆனது, கார்ல் ஹாய்சர்மன் கண்டு சொன்னார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறது. இந்த ஒரு தகவலிலேயே இரண்டு பேரின் சுபாவமும் தெரிந்துவிடும்.

சரி, இப்போது பலம். வெடி அலை உள்ளே ஓடும் வேகம், நல்ல அடர்த்தியில் அடைத்தால், பிக்ரிக் அமிலத்துக்கு நொடிக்கு சுமார் 7,350 மீட்டர், டிஎன்டிக்குச் சுமார் 6,900. அடர்த்தி முன்னதுக்கு 1.76, பின்னதுக்கு 1.65, அதாவது ஒரே குண்டுக்குள் பிக்ரிக் கொஞ்சம் அதிக எடையும் பிடிக்கும். எந்த விதத்தில் அளந்தாலும் பிக்ரிக் கொஞ்சம் முன்னால்தான். பலத்தை மட்டும் பார்க்கிற குழுவாக இருந்தால் கோப்பை இங்கேயே மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். பல நாடுகள் அப்படித்தான் செய்தன.

அடுத்தது சமையல் சமாசாரம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். குண்டுக்குள் மருந்தைப் பொடியாகக் கொட்டினால் இடைவெளி விழும், சுடும்போது உள்ளேயே ஆடும், உரசும். அதனால் உருக்கி ஊற்றி உறைய வைப்பதுதான் உத்தமம். டிஎன்டி உருகுவது 80 டிகிரி செல்சியஸில். தண்ணீர் கொதிப்பது 100ல். புரிகிறதா? நெருப்பே வேண்டாம். இட்லிச் சட்டி நீராவி மாதிரி ஒரு சுற்று நீராவி போதும், மெழுகு மாதிரி உருகி நிற்கும், அதற்கு மேல் சூடு ஏறவும் வழியில்லை, வெடிக்கும் வெப்பநிலைக்கும் இதற்கும் ஏகப்பட்ட தூரம். பிக்ரிக் அமிலம் உருகுவது 122ல். கொதிக்கிற தண்ணீர் பாத்திரம் எட்டாது, இன்னும் சூடான ஏற்பாடு வேண்டும், அதுவும் உருகிய நிலையில் இது அமிலம், பாத்திரத்தைச் சும்மா விடாது. இருபத்திரண்டு டிகிரிதானே என்று தோன்றும். அந்த இருபத்திரண்டு டிகிரிக்கு நடுவில்தான் ஒரு தொழிற்சாலை நிம்மதியாக நடப்பதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதும் பிரிகிறது. லட்சக்கணக்கில் குண்டு நிரப்ப வேண்டிய நாடு வரும்போது இந்தச் சின்ன எண்தான் மற்ற எல்லா எண்ணையும் விழுங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

"பாத்திரத்தைச் சும்மா விடாது" என்றேன். இதுதான் பிக்ரிக் அமிலத்தின் தலையெழுத்து. ஊரில் சொல்வார்களே, பையன் நல்லவன்தான், சேர்க்கைதான் சரியில்லை என்று. தனியாக, சுத்தமாக இருக்கிற பிக்ரிக் அமிலம் அவ்வளவு முரடு இல்லை. ஆனால் பெயரில் சொல்லியிருக்கிறபடி அது ஒரு அமிலம். ஈயம், செம்பு, துத்தநாகம், இரும்பு என்று உலோகங்களோடு மெல்ல மெல்ல, ஈரப்பதம் இருந்தால் இன்னும் தாராளமாக, சேர்ந்து பிக்ரேட் உப்புகளாக மாறும். அந்த உப்புகளில் சிலது, முக்கியமாக ஈயத்தோடு சேர்ந்தது, உரசலுக்கும் தட்டலுக்கும் தாங்காது. குண்டு எதனால் ஆனது? உருக்கு. திரி உறுப்புகள்? பித்தளை. மேலே அடிக்கிற பெயின்டில் அந்தக் காலத்தில் என்ன இருக்கும்? ஈயம். அதாவது இந்தப் பையனை வளர்க்கவேண்டிய வீடே அவனுக்கு ஆகாத வீடு. அதனால் குண்டின் உட்புறம் முழுக்க வார்னிஷ் பூசினார்கள், ஈயம் கலந்த எதையும் பக்கத்தில் விடக் கூடாது என்று விதி போட்டார்கள். வார்னிஷில் ஒரு கீறல் விழுந்து, கிடங்கில் நாலு மழைக்காலம் போனால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

இந்தச் சேர்க்கை தோஷம் ராணுவத்துக்கு முன்பே சாயக்காரர்களுக்குத் தெரிந்துபோனது. 1887ல் மான்செஸ்டரில் கார்ன்புரூக் என்ற இடத்துச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்தது, அங்கே இருந்த பிக்ரிக் அமிலம் வெடித்துக் கட்டடம் போனது. பக்கத்தில் இருந்த ஈயச் சேர்மத்தோடு அது கலந்ததுதான் பிரச்சினை என்று விசாரணை அதன் பக்கம் கை காட்டியது. எங்கள் அட்டெண்டர் அண்ணனின் வசனத்துக்கும் அர்த்தம் இதுதான். தண்ணீர் வற்றினால் பொடி காய்கிறது என்பது பாதி. மூடியின் புரியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பளிங்கு, அதைத் திருகும்போது வரும் உரசல் என்பது மீதி. மூடி உலோகமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

டிஎன்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. உலோகத்தோடு பேச்சுவார்த்தையே இல்லை. தண்ணீரில் கரைவதும் இல்லை என்றே சொல்லலாம். உருக்குக் குண்டுக்குள் ஊற்றி, மூடி, வருஷக்கணக்கில் கிடங்கில் போட்டு வைக்கலாம். ஒரே குறை, அதை எழுப்புவது பெரும்பாடு. கும்பகர்ணன். சரியான உசுப்பேற்றும் மருந்து நடுவில் இல்லாவிட்டால் பாதி வெடித்துப் பாதி அப்படியே சிதறும், அல்லது வெடிக்கவே வெடிக்காது. இதைப் பார்த்துத்தான் முதலில் பல நாட்டு அதிகாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜெர்மனி பிதுக்கவில்லை, அந்த உசுப்பேற்றும் உறுப்பைச் சரி செய்துகொண்டு 1902ல் டிஎன்டியை ஏற்றது. பிரிட்டன் 1907ல்தான் மெல்ல லிடைட்டை விட்டு இந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது.

களத்தில் இரண்டும் எப்படி நடந்துகொண்டன? லிடைட் 1898ல் சூடானில் ஓம்துர்மானில் மஹ்தி என்ற மதத் தலைவரின் சமாதிக் குவிமாடத்தைத் துளைத்துப் பெயர் வாங்கியது. அடுத்த வருஷமே தென்னாப்பிரிக்கப் போரில் அந்தப் பெயர் கொஞ்சம் கெட்டது. பிரிட்டனை எதிர்த்த டச்சு வம்சாவளிப் போயர்கள் பாறைக்கும் பதுங்குகுழிக்கும் பின்னால் இருந்தார்கள், குண்டுகள் மண்ணில் புதைந்தன, நிறைய குண்டுகள் முழுதாக வெடிக்காமல் மஞ்சள் புகையை மட்டும் கக்கின. முழுதாக வெடிக்காத லிடைட்டின் அடையாளமே அந்த மஞ்சள்தான், விழுந்த இடத்தில் கல்லும் மண்ணும் மஞ்சள் பூசிக் கிடக்கும்.

1905 மே 27, 28ல் ஜப்பானும் ரஷ்யாவும் மோதிய சுஷிமா கடற்போரில் கதை வேறு. ஜப்பானியக் குண்டுகள் மெல்லிய சுவரும் நிறைய ஷிமோசேயும் கொண்டவை, தொட்டால் வெடிக்கும் திரியும் கூட. தண்ணீரைத் தொட்டாலும், கொடிமரக் கயிற்றில் பட்டாலும் வெடித்தன, பெயின்ட் பற்றி எரிந்தது, ரஷ்யக் கப்பல்களின் மேல்தளம் நரகமானது. அங்கே லிடைட் வகைக்கு இருந்த அவசர புத்தி ஒரு வரப்பிரசாதம். ஆனால் அதே அவசரம் சொந்தக் குழாய்க்குள்ளும் வரும். அந்தப் போரில் ஜப்பானியக் கப்பல்களின் பெரிய பீரங்கிகள் சில தம் குண்டாலேயே வெடித்துச் சிதறின. நிஷின் என்ற கப்பலில் 8 அங்குலக் குழாய்கள் முறிந்தது எதிரி குண்டாலா, சொந்தக் குண்டாலா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். அந்தக் கப்பலில் இருந்த ஒரு இளம் அதிகாரி இடது கையில் இரண்டு விரலை இழந்தார். பின்னாளில் பேர்ல் ஹார்பரைத் திட்டமிட்ட யமமோட்டோதான் அவர்.

1916 மே 31, பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போர். இங்கேதான் லிடைட்டுக்குப் பெரிய அடி. கவசத்தைத் துளைக்கும் குண்டு என்றால் கவசத்தில் மோதி, உள்ளே போய், அப்புறம்தான் வெடிக்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் கவசம் துளைக்கும் குண்டுகளில் இருந்த லிடைட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சாய்வாக மோதிய அதிர்ச்சியிலேயே வெளியிலேயே வெடித்தது, அல்லது குண்டே உடைந்தது. பார்ப்பதற்குப் பிரமாதமான வெடி, எதிரிக் கப்பலின் வயிற்றுக்குச் சேதம் குறைவு. ஜெர்மானியர்கள் பக்கம் டிஎன்டியும் தாமதத் திரியும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அன்றைக்கு அவர்கள் குண்டு மேல். தமாஷ் என்னவென்றால் சாய்ந்து மோதினாலும் துளைக்கும் குண்டு வேண்டும் என்று போருக்குச் சில வருஷம் முன்பே எழுதிக் கேட்டவர் ஜெல்லிகோ, ஜட்லாண்டில் தோதான குண்டு இல்லாமல் நின்ற தளபதியும் அவரே. புதுக் குண்டுகள், பச்சை பெயின்ட் அடித்தவை, ஷெல்லைட் என்ற மட்டுப்படுத்திய கலவையோடு, 1918ல் வந்து சேர்ந்தன. அதற்குள் சண்டை முடிகிற நேரம்.

தரையில் நின்ற சிப்பாய்க்கு வித்தியாசம் புகையில் தெரிந்தது. டிஎன்டியில் ஆக்சிஜன் பற்றாக்குறை, அதனால் வெடித்தால் கன்னங்கரேலென்று கரிப்புகை எழும். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்மன் பெரிய குண்டுகளுக்குக் கரிப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள், ஜாக் ஜான்சன் என்றும் வைத்தார்கள், அன்றைய கறுப்பின ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியனின் பெயர். நம் பக்கக் குண்டு மஞ்சள், அவன் பக்கக் குண்டு கறுப்பு என்று அடையாளம்.

இனி பணம், கச்சாப்பொருள். இரண்டுமே நிலக்கரித் தாரிலிருந்து வருகிற குடும்பம். பிக்ரிக்குக்கு ஃபீனால் வேண்டும், நம் ஊரில் தரை துடைக்கிற பினாயில் வாசனை ஞாபகம் வருகிறதே அந்த வர்க்கம். டிஎன்டிக்கு டோலுவீன். ஜெர்மனியின் சாயத் தொழில் பெரிது, டோலுவீனும் கைவசம், ஆட்களும் கைவசம். பிரிட்டனுக்கு 1914ல் டோலுவீன் பஞ்சம். போர்னியோ எண்ணெயில் அது நிறைய இருக்கிறது என்று கண்டு, ராட்டர்டாமில் இருந்த ஷெல் கம்பெனியின் வடிப்பாலையை 1915 ஜனவரியில் அப்படியே கழற்றிக் கப்பலில் ஏற்றி, இங்கிலாந்தில் போர்ட்டிஸ்ஹெட்டில் மறுபடி பூட்டினார்கள். அதுவும் போதாமல் டிஎன்டியோடு மலிவான அமோனியம் நைட்ரேட்டைக் கலந்து அமட்டால் என்று ஓட்டினார்கள், பாலில் தண்ணீர் மாதிரி, ஆனால் இந்தத் தண்ணீரும் வெடிக்கும். கலப்படத்தை ஏற்றுக்கொண்டதும் டிஎன்டிக்கு ஒரு கூடுதல் மதிப்பெண்.

ஃபீனால் பக்கம் நடந்த கூத்து இன்னும் பெரிது. பிரிட்டன் ஃபீனாலை எல்லாம் பிக்ரிக்குக்கே இழுத்துக்கொண்டதால் அமெரிக்காவில் விலை ஏறியது. தாமஸ் எடிசனுக்குக் கிராமஃபோன் தட்டு செய்ய ஃபீனால் வேண்டும். மனுஷர் தானே ஆலை போட்டுவிட்டார். மிச்சமானதை விற்றார். வாங்கியது யார் என்றால், ஜெர்மன் பணத்தில் இயங்கிய ஒரு தரகுக் கம்பெனி, ஃபீனால் பிரிட்டிஷ் குண்டாகப் போகாமல் தடுத்து ஆஸ்பிரின் செய்ய எடுத்துக்கொண்டார்கள். 1915 ஜூலையில் ஹைன்ரிஷ் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் அதிகாரி நியூயார்க் ரயிலில் தன் கைப்பெட்டியை மறந்து இறங்க, பின்னாலேயே வந்த அமெரிக்க ரகசியப் போலீஸ் அதை எடுத்துக்கொண்டு ஓட, எல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. தலைவலி மாத்திரைக்கும் பீரங்கிக் குண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து சரக்கு.

இதுவரை படித்தவர்கள் டிஎன்டி சாது என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். பிரிட்டிஷ் அரசும் அப்படித்தான் வந்தது. 1910ல், 1875ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்திலிருந்து டிஎன்டிக்கு விலக்கே கொடுத்தார்கள், தயாரிக்கவும் சேமிக்கவும் அது வெடிபொருள் இல்லை என்ற கணக்கில். அதன் பலன் லண்டன் கிழக்கே சில்வர்டவுனில் தெரிந்தது. வீடுகள் நெருக்கமாக இருந்த தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவே, சும்மா கிடந்த காஸ்டிக் சோடா ஆலையில் டிஎன்டி சுத்தம் செய்தார்கள். 1917 ஜனவரி 19 சாயங்காலம் தீப்பிடித்தது, சுமார் 50 டன் வெடித்தது, 73 பேர் செத்தார்கள், பல்லாயிரம் வீடுகள் சேதம். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.

உடம்புக்கும் அது சாது இல்லை. போர்க்காலத்தில் நிரப்பும் வேலைக்கு வந்த பெண்களின் முகமும் கையும் மஞ்சளாயின, முன்நெற்றி முடி ஆரஞ்சு நிறமானது. கேனரிக் குருவிகள் என்று ஊரார் செல்லமாகக் கூப்பிட்டார்கள், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருந்தது. டிஎன்டி விஷத்தால் வந்த மஞ்சள் காமாலையில் பிரிட்டனில் செத்தவர்கள் நூறு பேருக்கு மேல். பிக்ரிக்கும் ஆளை மஞ்சளாக்கும், கசக்கும், தும்ம வைக்கும், ஆனால் இந்த விதத்தில் டிஎன்டிதான் மோசம். அந்தக் காலத்தில் தீப்புண்ணுக்கே பிக்ரிக் அமிலத்தில் நனைத்த துணி வைத்துக் கட்டினார்கள். ஒப்பீட்டில் பிக்ரிக் தெளிவாக முந்துகிற இரண்டாவது இடம் இது, குழுவில் யாரும் இதற்கு மதிப்பெண் போட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் ஹாலிஃபாக்ஸ். பிரான்ஸ் போர் முழுக்க மெலினைட்டை விடவில்லை, அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக பிக்ரிக் அமிலம் வாங்கியது. 1917 டிசம்பர் 6 காலை, பிரான்சின் போர்தோ துறைமுகத்துக்குப் போகவேண்டிய மோன் பிளான் என்ற கப்பல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் குறுகலில் இமோ என்ற கப்பலோடு மோதியது. உள்ளே 2,300 டன்னுக்கு மேல் பிக்ரிக் அமிலம், சுமார் 200 டன் டிஎன்டி, மேல்தளத்தில் பென்சால் பீப்பாய்கள். மோதலில் பென்சால் பற்றியது. கப்பல் எரிகிறது என்று ஊர் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தது. சுமார் இருபது நிமிஷம். 9 மணி 4 நிமிஷத்துக்கு எல்லாம் போயிற்று, ஏறக்குறைய 1,800 பேர் இறந்தார்கள், 9,000 பேர் காயம், அதில் நிறையப் பேர் ஜன்னல் கண்ணாடி கண்ணில் பாய்ந்தவர்கள். ரயில்வே தந்தி ஊழியர் வின்ஸ் கோல்மன் தப்பி ஓட இருந்தவர், திரும்பி வந்து ஊருக்குள் வரும் ரயிலை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்தார், கடைசிச் செய்தி இதுதான் என்று விடைபெற்றபடி. கப்பலின் ஒரு பீரங்கிக் குழாய் 5 கிலோமீட்டருக்கு மேல் பறந்து விழுந்தது. அந்த வெடிப்பை இன்று 2.9 கிலோடன் டிஎன்டிக்குச் சமம் என்று எழுதுகிறார்கள். கப்பலில் பெரும்பகுதி பிக்ரிக். கணக்கு மட்டும் டிஎன்டி பெயரில். தோற்றவனுக்கு அளவுகோலில்கூட இடமில்லை.

சரி, கையெழுத்துக்கு வருவோம். நான் அந்தக் குழுவில் இருந்தால் எந்த வருஷம் என்று முதலில் கேட்பேன். 1888 என்றால் லிடைட்தான், வேறு ஆளே இல்லை, கரிமருந்தோடு ஒப்பிட்டால் அது ஒரு தலைமுறை முன்னால். லிட்டில் சோதித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1893ல் ஜப்பானும் தப்புச் செய்யவில்லை, கையில் டோலுவீன் தொழிலும் இல்லை. 1902க்குப் பிறகு லிடைட்டையே கட்டிக்கொண்டு அழுதவர்கள்தான் எனக்குப் புரியவில்லை, அதிலும் கவசம் துளைக்கும் குண்டுக்கு. கடற்கரைக் கோட்டைக்கு, தரைக்குண்டுக்கு என்றால் பழைய இருப்பைத் தீர்க்கலாம், கவசத்துக்கு அது ஆகவே ஆகாது. அந்த வேலைக்கு அமெரிக்கர்கள் செய்தது கெட்டிக்காரத்தனம்: பிக்ரிக் அமிலத்தையே அமோனியாவோடு சேர்த்து அமோனியம் பிக்ரேட் ஆக்கினார்கள், டன்னைட் என்று பெயர், அடித்தாலும் அசையாத சரக்கு, இரண்டாம் உலகப் போர் வரை அவர்கள் கப்பற்படைக் குண்டுகளில் இருந்தது. உலோகத்தோடு சேர்ந்து கெட்ட அதே பையன் இந்தச் சேர்க்கையில் டிஎன்டியைவிடச் சாதுவாகிவிட்டான். 1915 என்றால் கேள்வியே வேண்டாம், எது கிடைக்கிறதோ அது.

ஜப்பான் இரண்டாம் போர் முடியும்வரை பிக்ரிக்கை விடவில்லை, அதனால் பசிபிக் தீவுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய குண்டுகளை அகற்றுகிறவர்களுக்கு இன்னும் தலைவலி, எண்பது வருஷ மழையில் அந்தச் சேர்க்கை உள்ளே என்னவாகியிருக்கும் என்று ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. டிஎன்டிக்கும் வயதாகிவிட்டது. அமெரிக்க ராணுவம் 2010ல் அதற்குப் பதிலாக ஐஎம்எக்ஸ்-101 என்ற இன்னும் அசையாத கலவையைத் தேர்ந்தது. அங்கேயும் அதே கேள்விதான், எது உரக்கக் கத்தும் என்று பார்க்கவில்லை, எது கடைசிவரை வாய் மூடி இருக்கும் என்று பார்த்தார்கள்.

நான் இப்போது வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை லேபில். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க 1886ல் மாக்ஸ் யாஃபே கண்டுபிடித்த முறையைத்தான் பல இடங்களில் இன்னும் பயன்படுத்துகிறோம், நீர்த்த பிக்ரேட் கரைசலில் சீரத்தை விட்டால் மஞ்சள் மெல்ல ஆரஞ்சாகும், எவ்வளவு ஆரஞ்சு என்பதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் வரும் எண். அந்தக் கரைசலில் பயப்பட ஒன்றுமில்லை. சிந்தினால் துடைத்துவிட்டு நிறையத் தண்ணீர் விடு, சிங்க்குக்குக் கீழே செம்போ ஈயமோ குழாய் இருக்கிறதா என்று பார் என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் சொன்னேன். "ஏன் சார்?" என்றாள். அட்டெண்டர் அண்ணன் மாதிரி விட்டுவிடக் கூடாதே என்று லிட் என்ற ஊரிலிருந்து ஆரம்பித்தேன். அரை மணி நேரம் கழித்து, "சார், சாம்பிள் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.